கச (குப்பை) வண்டிக்கு வேலை குறைய: பெங்களூரு வீட்டுக்கான பை, டப்பா, துணிக் கையேடு

பெங்களூரில் துணிப்பை இல்லாத வீடு அரிது. பீரோவுக்குள் ஏழெட்டுப் பை மடித்துக் கிடக்கும். ஆனாலும் சாயங்காலம் கொத்தமல்லி வாங்கப் போனவர் கவரோடுதான் திரும்புவார். பை பீரோவில், ஆள் கடையில். கர்நாடகத்தில் பிளாஸ்டிக் கைப்பை, தட்டு, கப், ஸ்பூன் எல்லாவற்றுக்கும் 2016 மார்ச்சிலேயே தடை வந்துவிட்டது. 2022 ஜூலை 1 முதல் ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் பலவற்றுக்கு நாடு முழுக்கத் தடை. இருந்தும் தள்ளுவண்டிக்காரர் கேட்காமலே கவரை உருவுகிறார். சட்டம் வீட்டுக் குப்பைக் கூடை வரைக்கும் வந்து சேராது.

திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சாமான்கள் பெரும்பாலும் தோற்பது கழுவிய பிறகுதான். காயாமல் வாடை பிடிக்கும், மூடி ஒரு பக்கம் டப்பா ஒரு பக்கம் போய்விடும், இல்லாவிட்டால் திரும்ப வாசலுக்கே வந்து சேராது. அதனால் இங்கே எதை வாங்குவது என்பதைவிட எப்படிக் கழுவுவது, எங்கே காயவைப்பது, எதில் மாட்டுவது என்பதுதான் அதிகம் இருக்கும்.

பை

புதுப் பை வாங்காதீர்கள். பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் ஆகும் தண்ணீரும் மின்சாரமும் கொஞ்சநஞ்சமல்ல. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால், புவி சூடாவதைப் பொறுத்தவரை ஒரு பருத்திப் பை 131 முறை கடைக்குப் போய்வந்தால்தான் கணக்கு நேராகும். வாரம் மூன்று முறை என்றால் பத்து மாதம். கண்காட்சியிலும் கல்யாணத்திலும் கொடுக்கும் பைகளை வாங்கி அடுக்கிக்கொண்டே போனால் எந்தப் பையும் அந்த எண்ணைத் தொடாது. பழைய படுக்கை விரிப்பிலோ ஜீன்ஸிலோ தைத்த பைக்கு இந்தக் கடன் அநேகமாக இல்லை.

ஜவுளிக்கடையில் கொடுக்கும், துணி மாதிரி தெரியும் மொரமொரப்பான பை துணியே அல்ல. அது பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். சந்தேகமிருந்தால் ஓரத்தில் ஒரு இழையைப் பிரித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி எரிந்து சாம்பலாக உதிரும். பிளாஸ்டிக் உருகிச் சின்ன மணியாகச் சுருண்டுகொள்ளும். கிழியும் வரை அதையும் பயன்படுத்தலாம். ஆனால் நாளாக ஆகப் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். அப்போது உலர் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.

தைக்கிற அளவு இது. 14 அங்குல அகலம், 16 அங்குல உயரமுள்ள மஞ்சப்பை வேண்டுமானால் துணியை 15 அங்குல அகலம், 36 அங்குல நீளமாக வெட்டுங்கள். பக்கத் தையலுக்கு அரை அரை அங்குலமும், வாய்ப்பகுதியில் மடித்து அடிக்க இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலமும் இதிலேயே அடக்கம். பிடிக்கு 4 அங்குல அகலம், 22 அங்குல நீளத்தில் இரண்டு பட்டை. அதை நான்காக மடித்தால் ஒரு அங்குலப் பட்டை கிடைக்கும். பை கிழிவது எப்போதும் பிடி சேரும் இடத்தில்தான், ஏனென்றால் தையல்காரர் அங்கே ஒரே கோடு அடித்து விட்டுவிடுவார். பிடியின் முனையை வாய் மடிப்புக்குள் இரண்டு அங்குலம் இறக்கி, சதுரமாக அடித்து, அதற்குள் பெருக்கல் குறி போல இரண்டு கோடு அடிக்கச் சொல்லுங்கள். அப்படித் தைத்தால் ஐந்தாறு கிலோ தாங்கும். பழைய காட்டன் சேலையில் தைப்பதானால் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடுப்பில் கொசுவம் செருகும் பகுதி இற்றுப்போயிருக்கும். அதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை இரட்டையாகப் போட்டுத் தையுங்கள்.

காய்கறிக்குப் பெரிய பை மட்டும் போதாது. தக்காளி, பீன்ஸ், பச்சை மிளகாய் என்று தனித்தனியாக எடை போட வேண்டியிருப்பதால்தான் கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கவர் எடுக்கிறார். பழைய மல் வேட்டியிலோ வலைத் திரையிலோ 10-க்கு 12 அங்குலத்தில் ஆறு சுருக்குப்பை தைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 20 முதல் 30 கிராம்தான் வரும். எடைக்கு முன்னால் பையை வெறுமனே தராசில் வைத்துப் பூஜ்யம் செய்யச் சொல்லலாம். கூட்டமான நேரத்தில் காயைத் தட்டிலேயே எடை போட்டு நேராகப் பைக்குள் கொட்டச் சொல்வது சுலபம். எதுவானாலும் காயைக் காட்டுவதற்கு முன்பே "கவர் பேடா" (கன்னடத்தில் 'கவர் வேண்டாம்') என்று சொல்லிவிட வேண்டும். கே.ஆர். மார்க்கெட்டிலும் ரஸ்ஸல் மார்க்கெட்டிலும் வியாபாரியின் கை கவரைத் தொட்டுவிட்டால் பிறகு அதைத் திருப்பிக் கொடுப்பது பெரிய பேச்சாகிவிடும்.

பையை மாட்டும் இடம்தான் முக்கியம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாலு பெரிய பை போதும்: இரண்டு வாசல் கதவுக்குப் பின்னால் கொக்கியில், ஒன்று ஸ்கூட்டர் டிக்கியில், ஒன்று ஆபீஸ் பையில். காயைக் கொட்டிய கையோடு பை கொக்கிக்குப் போக வேண்டும். அடுக்களை அலமாரியில் மடித்து வைத்தால் மறுநாள் கவர் வீட்டுக்குள் வந்துவிடும்.

கீரையும் கொத்தமல்லியும் கவர் இல்லாமல் வாடிவிடும் என்பது பலருடைய பயம். வாடுவதற்குக் காரணம் ஈரம் வெளியேறுவது, அழுகுவதற்குக் காரணம் இலையில் தங்கிய தண்ணீர். இரண்டையும் துணியே பார்த்துக்கொள்ளும். கழுவாமல், வேரையும் பழுத்த இலையையும் கிள்ளிவிட்டு, நனைத்து நன்றாகப் பிழிந்த வெள்ளைத் துணியில் தளர்வாகச் சுற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். கொத்தமல்லிக்கு மட்டும் காய்ந்த துணி. மூன்று நான்கு நாள் நிற்கும். மழைக்காலத்தில் வாங்கும் கீரை ஏற்கெனவே நனைந்திருக்கும். அதற்கும் காய்ந்த துணிதான்.

மளிகையும் எண்ணெயும்

பருப்பு, ரவை, கடலை போன்றவற்றை மூட்டையிலிருந்து அள்ளிப் போடும் கடைகள் சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம், அல்சூர் பக்கமெல்லாம் இன்னும் இருக்கின்றன. டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவதைவிடத் துணிப்பைகளைக் கொண்டு போய், வீட்டில் டப்பாவில் கொட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். மைதா, கடலை மாவு, மிளகாய்த்தூள் மட்டும் துணி இழை வழியே கசியும். அவற்றுக்கு எவர்சில்வர் சம்படம். சம்படத்தின் அடியில் வெறும் எடையை நகப்பூச்சால் எழுதி வையுங்கள், மார்க்கர் அழிந்துவிடும். மூடியோடு எடுத்த எடையா, மூடி இல்லாமலா என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் கடையில் குழப்பம்தான்.

செக்கு எண்ணெய்க் கடைகள் பலவற்றில் சொந்தக் கேனில் ஊற்றித் தருவார்கள். கேன் துளி ஈரமில்லாமல் இருக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் தங்கினாலும் எண்ணெய் கலங்கும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வாணலியில் தெறிக்கும். வாய் குறுகிய பாட்டிலைக் காயவைப்பது பெரும்பாடு. அகல வாய் உள்ள மூடி போட்ட தூக்குதான் இதற்குச் சரி. வெந்நீரும் ஒரு பிடி கடலை மாவும் போட்டுக் குலுக்கிக் கழுவி, கவிழ்த்து வைத்து, ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். விலை விசாரிக்கும்போது கிலோவா லிட்டரா என்று கேளுங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 முதல் 920 கிராம்தான் இருக்கும். லிட்டர் விலையையும் கிலோ விலையையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தவறும்.

ஓட்டல் பார்சல்

தர்ஷினி என்னும் நின்று சாப்பிடும் சிற்றுண்டிக் கடையில் சாப்பிட்டால் எவர்சில்வர் தட்டும் டம்ளரும்தான், குப்பையே இல்லை. அதே இட்லியைப் பார்சல் வாங்கினால் சாம்பாருக்கு ஒரு கவர், சட்னிக்கு ஒரு கவர், இட்லிக்கு ஒரு டப்பா, எல்லாவற்றையும் போட இன்னொரு பை. கொதிக்கும் சாம்பாரை மெல்லிய கவரில் கட்டுவது உடம்புக்கும் ஆகாது. ஒரு டிபன் கேரியர் இருந்தால் இத்தனையும் மிச்சம்.

நாலு அடுக்குக் கேரியரில் சாம்பாரை எப்போதும் அடி அடுக்கில் வாங்குங்கள். மேலடுக்கில் இருந்தால் வண்டி குலுங்கும்போது வழிந்து இட்லி ஊறிவிடும். நாலு பேருக்கான சாம்பாருக்கு ஒரு லிட்டர் அடுக்கு தேவை. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பச் சொல்லாதீர்கள். சட்னிக்கு ரப்பர் வளையமும் கிளிப்பும் உள்ள கால் லிட்டர் டப்பா. தோசையை மூடிய அடுக்கில் போட்டால் பத்து நிமிடத்தில் வேர்த்துத் துவண்டுவிடும். அடியில் வாழையிலைத் துண்டோ காய்ந்த துணியோ விரித்து, மூடியைச் சற்றே திறந்து வைத்து எடுத்து வந்தால் ஓரளவு தப்பும். மசால் தோசைக்கு அகலமான தட்டு டப்பா வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பில் உடைந்து உருளைக்கிழங்கு வெளியே வரும். நிஜத்தில் தோசை பார்சலுக்கே ஆகாத பண்டம்.

சூடாக நிரப்பிய கிளிப் டப்பா வீட்டுக்கு வந்ததும் திறக்க மறுப்பது வழக்கம். உள்ளே ஆவி ஆறிச் சுருங்கியதும் மூடியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. கத்தியால் நெம்பினால் ரப்பர் வளையம் கிழியும், அதோடு டப்பாவின் ஆயுள் முடிந்தது. டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு நிமிடம் நிற்க வையுங்கள், தானாக விடும்.

பஜ்ஜி, போண்டா வாங்கப் போகும்போதும் டப்பா எடுத்துப் போங்கள். செய்தித்தாளில் மடித்துத் தருவதை வாங்காதீர்கள். அச்சு மை எண்ணெயில் கரைந்து பண்டத்தில் ஏறும். செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்ட வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2016-லும் 2023-லும் எச்சரித்திருக்கிறது.

டப்பா வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் நல்ல எவர்சில்வர் என்று முடிவு கட்டாதீர்கள். 304 தரத்திலும் ஒட்டாது, அதைவிட மட்டமான 202-லும் பெரும்பாலும் ஒட்டாது. புளி, உப்பு, ஊறுகாய் போட்டு வைக்கிற டப்பா 304 என்று பொறித்ததாக இருக்கட்டும். அலுமினியத்தில் புளிப்புப் பண்டங்கள் வேண்டாம், குழி விழுந்து உலோகம் கரையும்.

மீனும் கறியும்

கறிக்கடையில் கறுப்புக் கவர், அதற்கு மேல் இன்னொரு கறுப்புக் கவர். அந்தக் கவர்களைக் கழுவி உலர் குப்பையில் போட யாரும் மெனக்கெடுவதில்லை, ரத்தத்தோடு அப்படியே போகும். ஒரு கிலோ மீனுக்கு இரண்டு லிட்டர் டப்பா எடுத்துப் போங்கள். சுத்தம் செய்து துண்டு போட்டால் இடம் அதிகம் பிடிக்கும். எடை போடும் முன் டப்பாவை நீட்டாதீர்கள். தட்டில் எடை போட்டு, வெட்டி முடித்த பிறகு கொடுத்தால் கடைக்காரருக்கும் வசதி.

வாடை போகாததற்குப் பெரும்பாலும் வெந்நீர்தான் காரணம். சூடு பட்டதும் ரத்தமும் புரதமும் வெந்து டப்பாச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். முதல் அலசல் பச்சைத் தண்ணீரில் இருக்க வேண்டும். பிறகு ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகச் சோப்புப் போடுங்கள், வாடை தங்குவது அங்கேதான். கடைசியில் புளிக் கரைசலோ எலுமிச்சைத் தோலோ தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு அலசி, மூடியைத் திறந்தே காயவைக்க வேண்டும். வளையத்தைக் கழற்ற ஸ்பூன் காம்பு போதும். இந்த டப்பா மீனுக்கு மட்டுமே என்று ஒதுக்கிவிடுவது மனநிம்மதி.

அடுக்களைத் துணி, நார்

டிஷ்யூ பேப்பருக்குப் பதில் 12 அங்குலச் சதுரமாக வெட்டிய பழைய வேட்டித் துண்டுகள் ஒரு டஜன் வைத்துக்கொள்ளுங்கள். தட்டு துடைக்க, மேடை துடைக்க, கீழே சிந்தியதைத் துடைக்க என்று மூன்றாகப் பிரித்து, மூலையில் வெவ்வேறு நிற நூலால் ஒரு தையல் போட்டுவிட்டால் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் குழப்பமில்லை. வடை, பூரி எண்ணெயை வடிக்கப் பேப்பரும் வேண்டாம், துணியும் வேண்டாம். ஓட்டை போட்ட வடிதட்டைக் கிண்ணத்தின் மேல் வைத்தால் எண்ணெய் கீழே சேரும்.

எண்ணெய்ப் பிசுக்கேறிய துணியை இரண்டு லிட்டர் வெந்நீரில் ஒரு மேஜைக்கரண்டி வாஷிங் சோடா கரைத்து அரைமணி நேரம் ஊறவையுங்கள். இந்த ஊரில் உண்மையான எதிரி ஜூலை, ஆகஸ்ட் மாதத் தூறல். வெயிலே காட்டாத வாரங்களில் யூட்டிலிட்டி பால்கனியில் தொங்கும் துணி இரண்டு நாளானாலும் பிசுபிசுவென்று இருக்கும். ஈரத் துணியைக் குவித்து வைத்தால் கரும்புள்ளி பூஞ்சை பிடிக்கும், அதன் பிறகு எந்தச் சோப்பாலும் போகாது. துணியைச் சிறிதாக வெட்டுவதே அதற்காகத்தான்: பெரிய துண்டு காயாது, சின்னது காயும். முழுக்கக் காயாவிட்டால் இஸ்திரிப் பெட்டியை ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

பச்சை நிற ஸ்பாஞ்ச் தேயத் தேயப் பிளாஸ்டிக் துகளாகச் சாக்கடைக்குப் போகிறது. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் நாரை மூன்று அங்குலத் துண்டாக நறுக்கி, ஒரு பக்கம் பிளந்து விரித்து, முதல் முறை பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் மெத்தென்று ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் பிழிந்து நிமிர்த்தி வைக்க வேண்டும். சிங்க் ஓரத்தில் தண்ணீரில் கிடந்தால் ஒரே வாரத்தில் சொதசொதத்துப் போகும். ஒழுங்காகக் காய்ந்தால் ஒரு மாதம் வரும், பிறகு ஈரக் குப்பையில் போடலாம். அடிப்பிடித்த பாத்திரத்துக்கு இது ஆகாது, தேங்காய் நார்தான் சரி.

பாத்திர சோப்பு பாட்டிலையும் தவிர்க்க விரும்புகிறவர்களுக்குப் பூந்திக்கொட்டை. கொட்டை நீக்கிய 15 தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, மறுநாள் 15 நிமிடம் கொதிக்கவைத்துப் பிசைந்து வடிகட்டுங்கள். வெளியே நாலு நாள், ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். நுரை குறைவு, அதை எதிர்பார்த்து அதிகம் ஊற்ற வேண்டாம். போர் தண்ணீர் உள்ள வீடுகளில் பார் சோப்பு உப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகப் படியும். பூந்திக்கொட்டை அப்படிப் படியாது. கண்ணில் பட்டால் எரியும்.

போர் தண்ணீர் குடிக்கும் பாட்டிலிலும் வெள்ளைப் படிவு விடும். ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கலந்து அரைமணி நேரம் வைத்தால் கரைந்துவிடும். மூடியைப் போட்டு மூடாதீர்கள். படிவு கரையும்போது வாயு வரும்.

கவர் இல்லாத குப்பைக் கூடை

கர்நாடக உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரில் வகுத்த ஏற்பாடு இது: ஈரக் குப்பைக்குப் பச்சைக் கூடை, நாப்கின் போன்ற கழிவுக்குச் சிவப்புக் கூடை, உலர் குப்பைக்கு ஒரு பை. ஹசி கசவில், அதாவது ஈரக் குப்பையில், கவர் கூடாது. கூடையில் கவர் விரிக்காவிட்டால் நாறும் என்பதால்தான் பலர் கடைக் கவரைச் சேர்த்து வைக்கிறார்கள். கூடை நாறுவது தண்ணீரால். தண்ணீரை வெளியே நிறுத்திவிட்டால் கவர் தேவையே இல்லை.

சிங்க்கில் ஓட்டைத் தட்டு ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். மிஞ்சிய சாம்பார், தயிர், ரசத்தை வடித்துச் சக்கையை மட்டும் கூடையில் போடுங்கள். நாலு பேர் வீட்டுக்கு 10 லிட்டர் மூடி போட்ட பக்கெட் போதும். அடியில் ஒரு பிடி காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ போட்டுவிட்டால் கசியும் நீரை அது உறிஞ்சிக்கொள்ளும், கொட்டும்போது அடியில் ஒட்டாமலும் வரும். மீன் கழிவு, முட்டை ஓடு, மாம்பழத் தோல் சேர்ந்தால் மேலே இன்னொரு பிடி. வண்டி போனதும் பாத்திரம் கழுவிய இரண்டாவது அலசல் தண்ணீரில் பக்கெட்டைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். புழு வந்தால் ஒரு நாள் வண்டியைத் தவறவிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மக்கும் பை என்று விற்பதையும் வாங்க வேண்டாம். ஈரக் குப்பையைப் பிரிப்பவரால் அதையும் சாதாரணக் கவரையும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒண கசவுக்கு, அதாவது உலர் குப்பைக்கு, 25 கிலோ அரிசி வந்த சாக்கையே மாட்டிவிடுங்கள். வாய் அகலம், கிழியாது, கொட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரலாம். பால் பாக்கெட்டின் மூலையை முழுக்க வெட்டித் துண்டாக்காமல் பாதி கீறி விடுங்கள். அந்தத் துக்கடாத் துண்டுதான் எதிலும் சேராமல் தொலைவது. கால் டம்ளர் தண்ணீர் விட்டுச் சுழற்றி அதைப் பால் பாத்திரத்திலேயே ஊற்றிவிட்டு, பாக்கெட்டை நீளவாக்கில் பிளந்து சுவர் டைல்ஸில் ஒட்டினால் மாலைக்குள் காய்ந்துவிடும். மற்ற கவர்களை அலச ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீர் போதும். 2024 கோடையில் இந்த ஊர் தண்ணீருக்குப் பட்டபாடு தெரிந்தவர்கள் குப்பையைக் கழுவ நல்ல தண்ணீரைத் திறக்கக் கூடாது.

மாதவிடாய்

மாதம் 13 நாப்கின் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 156. சிவப்புக் கூடையில் பெரும்பங்கு இதுதான், மறுசுழற்சிக்கு வழியும் இல்லை.

நாப்கினுக்குப் பதில் உள்ளே செருகி ரத்தத்தைப் பிடிக்கும் சிலிக்கான் கப் ஒன்று சரியாகப் பராமரித்தால் பல ஆண்டு வரும். பெரும்பாலான நிறுவனங்கள் சுகப்பிரசவம் ஆனவர்களுக்குப் பெரிய அளவும் மற்றவர்களுக்குச் சிறிய அளவும் சொல்வார்கள். குந்தி உட்கார்ந்து, ஆங்கில எழுத்து 'சி' போல மடித்துச் செருகி, விட்டதும் அடிப்பாகத்தைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் முழுக்க விரியவில்லை. கசிவதற்கு முக்கியக் காரணம் அதுதான். எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்காமல் அடிப்பாகத்தை அமுக்கிக் காற்றுப் பிடிப்பை விடுவிக்க வேண்டும். 12 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. காப்பர்-டி போட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம். திடீர்க் காய்ச்சல், வாந்தி, தோலில் தடிப்பு வந்தால் உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அபூர்வம்தான், ஆனால் ஆபத்தானது.

ஒவ்வொரு மாதவிடாய் தொடங்கும்போதும் முடிந்ததும் கப்பை ஏழெட்டு நிமிடம் கொதிக்கவையுங்கள். பாத்திர அடியில் பட்டால் கருகும், அதனால் எவர்சில்வர் டீ வடிகட்டிக்குள் போட்டு முக்கி வைப்பது நல்லது. கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்தச் சூடே தாராளம். காற்றுப் புகாத டப்பாவில் வைக்காமல் துணிப்பையில் வையுங்கள்.

கப் ஒத்துவராதவர்களுக்குத் துணி நாப்கின் ஆறு முதல் எட்டு. பச்சைத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்த பிறகே சோப்பு. வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும். துணியை மெத்தென்று ஆக்கும் கண்டிஷனர் போட்டால் உறிஞ்சும் தன்மை போய்விடும். கூச்சப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் காயவைப்பதுதான் தொற்றுக்கு வழி. வெயில் வேண்டும், மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு மறைத்துக்கொள்ளலாம். வழக்கமான நாப்கினையே பயன்படுத்துபவர்கள் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புப் புள்ளி இட்டுப் போடுங்கள், பிரிப்பவர் கையால் திறக்க மாட்டார்.

விசேஷ வீடு

வாழையிலைச் சாப்பாட்டில் குப்பை பெரிதில்லை, இலை ஈரக் குப்பையில் போய்விடும். இலைக்குப் பக்கத்தில் வைக்கும் 200 மில்லி தண்ணீர் பாட்டிலும் பாயசக் கப்பும்தான் மூட்டை மூட்டையாகச் சேர்வது. பேப்பர் கப் வெறும் காகிதமல்ல, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உண்டு. 50 பேர் விசேஷத்துக்கு 75 எவர்சில்வர் டம்ளர், 55 கிண்ணம், குழாய் வைத்த 20 லிட்டர் தண்ணீர் கேன் மூன்று போதும். டம்ளர்களைப் பாத்திர வாடகைக் கடையில் எடுக்கலாம். கழுவ மூன்று அண்டா வரிசையாக வையுங்கள்: முதலில் எச்சில் அலச, அடுத்தது சோப்பு, கடைசியில் சுத்தத் தண்ணீர். முதல் அண்டாத் தண்ணீரை 20 டம்ளருக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் மூன்றாவதும் கலங்கிவிடும். ஆடியில் கூழ் ஊற்றும் தெருக்களில் முதல் நாளே "தூக்கு கொண்டு வாங்க" என்று போர்டு எழுதிவைத்தால் பாதிப் பேராவது கொண்டுவருவார்கள்.

வாங்காமல் விடலாம்

தேன்மெழுகுத் துணி: கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தால் அதே வேலை. மூங்கில் பிரஷ்: காம்பு மக்கும், மயிர் பெரும்பாலும் நைலான். எவர்சில்வர் ஸ்ட்ரா: வாயால் குடித்தால் போதும். ரீசார்ஜ் பேட்டரி மட்டும் வாங்கத் தகுந்தது, அதுவும் விளையாட்டுச் சாமான், டார்ச் போன்று அடிக்கடி தீரும் கருவிக்குத்தான். சுவர்க் கடிகாரத்துக்கு வருஷத்துக்கு ஒரு சாதாரண பேட்டரி போதும், அங்கே ரீசார்ஜ் பேட்டரியைப் போட்டால் போட்ட காசு திரும்பாது. பழையதையும் புதியதையும் ஒரே கருவியில் கலந்து போட்டால் பலவீனமானது தலைகீழாக மின்னேறிக் கெடும்.

இவற்றின் ஆயுள் முடிந்ததும் என்ன செய்வது? பீர்க்கங்காய் நாரும் பிளாஸ்டிக் கலக்காத பருத்திக் கிழிசலும் மண்ணில் மக்கும். துணி நாப்கின் நடுவில் கசிவுத் தடுப்பாகப் பிளாஸ்டிக் அடுக்கு இருக்கும், அதனால் அது சிவப்புக் கூடைக்கு. சிலிக்கான் கப்பும் அப்படியே. பேட்டரியை எந்தக் கூடையிலும் போடாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். வளைந்த டப்பாவையும் மூடி தொலைந்த தூக்கையும் பாத்திரக் கடையில் பழசுக்கு எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள். ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள், எடையில் கழிக்க மாட்டார்கள்.